நிறுத்தினால் வெல்கிறார்கள்

சிங்கப்பூரில் 21 வயது நிரம்பிய குடிமக்கள் தேர்தலில் நிற்கலாம். ஆண், பெண் என்று சட்டம் பிரிப்பதில்லை. அப்படியும் 1970 முதல் 1984 வரை நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. வாக்காளர்கள் பெண்களை ஒதுக்கிவிட்டார்களா?

இல்லை. 1972, 1976, 1980 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் மக்கள் செயல் கட்சி எல்லாத் தொகுதிகளையும் வென்றது. வென்றவர்களில் பெண்ணே இல்லை என்றால், அந்தக் கட்சி ஒரு பெண்ணையும் நிறுத்தவில்லை என்றுதான் பொருள். 1984இல் ஏலின் வோங், டிக்சி டான், யூ-ஃபூ யீ ஷூன் மூவரையும் நிறுத்தியது. மூவரும் வென்றார்கள்.

மக்களுக்கு இது புதிதுமல்ல. 1951இலேயே சிலேத்தார் வாக்காளர்கள் வழக்கறிஞர் விலாசினி மேனனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 1959இல் 51 இடங்களில் 5 பெண்கள் வென்றனர். அவர்களில் ஒருவரான சான் சோய் சியோங் பலதார மணத்துக்கு எதிராக ஓயாமல் பேசியவர். 1961இல் மாதர் சாசனம் நிறைவேறி, முஸ்லிம் அல்லாதோர் எல்லாருக்கும் ஒருதார மணம் சட்டமானது. தமிழ்க் குடும்பங்களிலும் எத்தனையோ பெண்களுக்கு அது காப்பானது. 1970இல் சான் அரசியலிலிருந்து விலகிய பிறகு வந்ததுதான் அந்த வெற்றுக் காலம்.

ஆக, தடை வாக்குப்பெட்டியில் இல்லை. கட்சிகள் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறது. அரசியலில் நுழைய ஏற்ற வயதாகக் கருதப்படும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும்தான் பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் முதுமையும் பெண்கள் தலையில் விழுகின்றன. மாலையில் வீடு வீடாகப் போக வேண்டும். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி வாராவாரம் இரவு நெடுநேரம் நீளும். வீட்டில் அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஆண் வேட்பாளரிடம் அரிதாகவே எழும். பணமும் வேண்டும்: 2025 தேர்தலில் வைப்புத்தொகை ஒருவருக்கு 13,500 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் அது போயிற்று.

1988இல் வந்த குழுத்தொகுதி முறை, ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது. பெண்ணுக்கு அப்படியொரு விதி இல்லை. ஆனாலும் அணியாக நிற்பது பெண்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. இந்திராணி ராஜா 2001இல் தஞ்சோங் பகார் அணியில் போட்டியின்றித் தேர்வானார். பின்னர் அமைச்சரும் அவைத் தலைவருமானார். தேக்காவுக்குப் பக்கத்து ஜாலான் புசாரில் 2025இல் வென்ற நால்வரில் ஜோசஃபின் டியோ, டெனிஸ் புவா இருவரும் பெண்கள். 2020 தேர்தலில் வென்ற 93 பேரில் 27 பேர் பெண்கள். முன்னேற்றம்தான், ஆனால் பாதிக்கு இன்னும் வெகுதூரம்.

இனத்துக்கு விதி எழுத முடிந்த நாட்டில் பெண்ணுக்கும் எழுத முடியும் என்றே நினைக்கிறேன். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கட்சிகள் ஆள் தேடும் இடங்களில் அடித்தள அமைப்புகளும் உண்டு. உங்கள் வட்டார நற்பணிச் செயற்குழுவில் ஆண்டுக்கணக்காக உழைக்கும் பெண்ணை அடுத்த முறை தலைவர் பொறுப்புக்கு முன்மொழியுங்கள்.