உங்களுக்குத் தெரியுமா? கேம் கம்பெனிக்கு வலை வீசும் கன்சோல்கள்

தறிக்குத் தட்டுப்பாடு வந்தால் பாவு கொடுப்பவரே கூலியைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார். பொங்கலூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு இது புதிதல்ல. வீடியோ கேம் தொழிலிலும் இதே கதைதான்: நல்ல கேம் வேண்டுமென்றால் கன்சோல் (கேம் ஓடும் கருவி) கம்பெனியே தேடி வரும்.

ஆனால் 1980-களில் நிலைமை தலைகீழ்; கன்சோல் கம்பெனியான நின்டென்டோ வைத்ததே சட்டம். அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 5 கேம்தான் வெளியிடலாம். 2 ஆண்டுகளுக்கு அதை வேறு கன்சோலுக்குத் தரக்கூடாது. கார்ட்ரிட்ஜையும் நின்டென்டோவிடமே வாங்க வேண்டும். கெடுபிடி அதிகம்தான்! 1994-ல் சோனி, செலவு குறைந்த சிடியில் ஓடும் பிளேஸ்டேஷனோடு வந்தது. நின்டென்டோவில் வளர்ந்த ‘ஃபைனல் ஃபேன்டசி’ கேமின் 7-ஆம் பாகம் 1997-ல் பிளேஸ்டேஷனுக்குப் போனது நின்டென்டோவுக்குப் பெரிய அடி.

இப்போது வலை நம் பக்கமும் விழுகிறது. 2023-ல் சோனி ‘இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட்’ தொடங்கி, இந்திய ஸ்டூடியோக்களுக்குப் பணமும் வழிகாட்டலும் தர முன்வந்தது. தமிழ்க் கதைக்கும் கன்சோல்களில் இடம் கிடைத்தது: அதே ஆண்டு ஜூலை 31-ல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது ‘வெண்பா’. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் அடுப்படியில் நம்மை இட்லி ஊற்ற வைக்கும் கேம் இது. நின்டென்டோவின் ஸ்விட்ச், சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் மூன்றிலும் வந்தது. மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவில் முதல் நாளே இடம்பிடித்தது. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் இதற்கே.