ஆடியில் சிவனொளிபாதம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது வெறும் பழமொழி அன்று, வானிலை நூலின் ஒரு பாடமே என்பதைச் சென்ற ஆடி மாதம் இலங்கையின் சிவனொளிபாத மலைப் படிகளில் நின்று அறிந்துகொண்டேன்.

என் தாத்தா மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர். அவர் ஓயாது பேசியது அந்த மலையைப் பற்றித்தான். இரவெல்லாம் விளக்கு வரிசை, வழிநெடுகத் தேத்தண்ணிக் கடை, விடியலில் உச்சியில் மணியோசை! இன்னொரு முறை ஏறவேண்டும் என்றவர், ஏறாமலே கண்மூடினார். அவருக்காக நான் ஏறுவதென்று முடிவு செய்தேன். விடுமுறையில் இரண்டு மாதம் இலங்கையைச் சுற்றியபோது, அட்டனில் இரயிலைவிட்டு இறங்கி நல்லதண்ணிக்குப் பேருந்து ஏறினேன்.

மலையின் உயரம் 2,243 மீட்டர். உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சைவர் சிவனுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். இசுலாமியர் ஆதமுடையது என்பர். யாவர்க்கும் பருவம் ஒன்றே. டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி, மே மாத வெசாக் பௌர்ணமியோடு அது முடிகிறது. பிறகு சமன் தெய்வத்தின் திருவுருவத்தைக் கீழே கொண்டுவந்துவிடுகின்றனர், விளக்குகள் அணைகின்றன, கடைகள் மூடப்படுகின்றன.

இந்தக் கணக்கை வகுத்தது யார்? காற்றுதான், நண்பர்களே! மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்துவந்து மலைநாட்டின் மேற்கு விளிம்பில் மோதுகிறது. மோதிய காற்று மேலெழுகிறது, மேலெழுந்தால் குளிர்கிறது, குளிர்ந்தால் ஆவி நீராகிறது. அந்த விளிம்பில்தான் இம்மலை நிற்கிறது. டிசம்பருக்குப் பின் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. தன் மழையைப் பெரிதும் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிடுவதால், மேற்கே தெளிந்த விடியல் கிடைக்கிறது.

இதே தென்மேற்குக் காற்று ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யக் காரணமாகிறது. மலைத்தொடரின் மறைவிலுள்ள நம் மைசூர் பெறும் மழையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான். சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளை எம்மாதமும் ஏறிப் பழகிய நாம், எல்லா மலையும் அப்படியே என்று எண்ணிவிடுகிறோம். நானும் எண்ணினேன்.

விடியுமுன் கைவிளக்கோடு தனியே புறப்பட்டேன். படிகள் ஓடைகளாயிருந்தன. காலெல்லாம் அட்டை. பாதிக்கு மேல் ஏறியதும் காற்று என்னைப் பக்கவாட்டில் தள்ளியது. கைப்பிடிக் கம்பியைப் பற்றி அமர்ந்துவிட்டேன். விழுந்தால் கேட்க ஓர் ஆள் இல்லை. தாத்தாவை நினைத்தேன், அம்மாவையும் நினைத்தேன். திரும்பி இறங்கினேன்.

அடிவாரத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவர் என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "மலை எங்க போகப்போவுது தம்பி? மார்கழி கழிச்சு வாங்க. உங்க தாத்தாவும் அப்பத்தானே ஏறியிருப்பாரு?" என்றார்.

உண்மைதானே! தாத்தா சொன்ன மலையில் விளக்கும் கடையும் கூட்டமும் இருந்தன. நான் போனதோ வேறொரு மலைக்கு. பருவம் தவறியும் ஏறுவோர் உண்டு. ஏறுவதாயின் பகலில், துணையோடு ஏறுக. விடுமுறையைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காற்றைக் கேட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். நான் தைக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.