விலை உயர்ந்த உலோகமும் உயிர்காக்கும் மருந்தும்

"பிள்ளை, இருந்த தோடும் சங்கிலியும் இடப்பெயர்வோட போட்டுது. இப்ப நகை செய்யிற உலோகத்தை எனக்குச் சேலைனுக்குள்ள ஏத்தப் போகினமாம். இது நஞ்சல்லோ?"

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. யுத்தத்தில் கணவரை இழந்து, இரு பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர் அவர். பிளாற்றினம் பூசிய கைவளையம் அணிந்தால் நோய் மாறிவிடும், வைத்தியசாலைக்கு அலையத் தேவையில்லை என்று அயலில் ஒருவர் சொல்லியிருந்தார். அதை வாங்குவதற்கெனச் சீட்டுக் காசையும் எடுத்து வைத்திருந்தார். அவருக்கு நான் கூறிய விளக்கத்தை வாசகிகளாகிய உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

பிளாற்றினம் என்பது என்ன?

இது வெண்மையான, பாரமான உலோகம். ஒரு லீற்றர் போத்தலை நிரப்பக்கூடிய பிளாற்றினம் 21 கிலோவுக்கும் அதிகமாக நிறுக்கும். இதனை உருக்குவதற்கு 1768 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். துருப்பிடிக்காது, சாதாரண அமிலங்களில் கரையாது. தென் அமெரிக்காவின் இன்றைய கொலம்பியாவில் ஆற்று மணலில் இதனைக் கண்ட ஸ்பானியர், 'சிறு வெள்ளி' என்ற பொருளில் பெயரிட்டனர்.

நகைக்காக மட்டும் இது தோண்டப்படுவதில்லை. வாகனப் புகையில் உள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கருவிகளில் இது ஊக்கியாகப் பயன்படுகிறது. உர உற்பத்திக்குத் தேவையான நைத்திரிக்கமிலத்தைத் தயாரிக்கவும் பிளாற்றினம் கலந்த வலை உதவுகிறது. இதயத்துடிப்பைச் சீராக்க உடலினுள் பொருத்தும் கருவியின் மின்முனைகளிலும் இது உண்டு.

உலகில் அகழப்படும் பிளாற்றினத்தில் சுமார் 70 வீதம் தென்னாபிரிக்காவில் இருந்து வருகிறது. அங்கே மரிக்கானா என்னும் இடத்தில், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேர் 2012 ஆகஸ்ட் 16 ஆம் திகதி பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். கணவரை இழந்த பெண்கள் பலர், பிள்ளைகளைக் காப்பதற்காக அதே சுரங்கத்தில் கணவரின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தனர். அந்தப் பெண்களின் நிலைமையை எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

மருந்தானது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பர்னெற் றொசன்பேர்க் என்ற விஞ்ஞானி, மின்சாரம் பற்றீரியாக்களை எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பற்றீரியாக்கள் இரண்டாகப் பிரியாமல் நூல்போல நீண்டு வளர்ந்தன. அதற்குக் காரணம் மின்சாரம் அல்ல. பிளாற்றினம் மின்முனையில் இருந்து உருவான ஒரு சேர்வையே என்பதை அவரது குழுவினர் கண்டறிந்து 1965 இல் வெளியிட்டனர். கலம் பிரிவதை இது தடுக்குமானால், கட்டின்றிப் பெருகும் புற்றுநோய்க் கலங்களையும் தடுக்கலாம் அல்லவா? அந்தச் சிந்தனையே 'சிஸ்பிளாற்றின்' என்னும் மருந்தைத் தந்தது. 1978 இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சையுடன் இதனையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுகிறது என்பதை 1999 இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இம்மருந்து நஞ்சா என்று கேட்டால், கடுமையான மருந்துதான். வாந்தி, சோர்வு, காதில் இரைச்சல், கைகால் விறைப்பு என்பன ஏற்படலாம். சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அதனால்தான் இரத்தப் பரிசோதனை செய்து, அளவு கணித்து, சேலைனுடன் ஏற்றுகிறார்கள். காது இரைந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ மறைக்காமல் வைத்தியரிடமோ தாதியிடமோ சொல்ல வேண்டும். பயந்து இடைநடுவில் நிறுத்துவது நோய்க்கு இடம் கொடுப்பதாகும்.

வளையமும் துளிகளும்

பிளாற்றினம் வளையம், பிளாற்றினம் கலந்த நீர், முகப்பூச்சு என்பன பல இடங்களில் விற்கப்படுகின்றன. ஹோமியோபதியிலும் 'பிளாற்றினா' என்ற மருந்து உண்டு. அது மிகவும் ஐதாக்கப்பட்டது. இவற்றில் எதுவும் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உலோகமான பிளாற்றினம் எதனுடனும் இலகுவில் சேராது. அதனால்தான் மோதிரமாக அணியலாம். அதே காரணத்தால் அது தோலுக்கு வெளியே இருந்துகொண்டு நோயை மாற்றவும் முடியாது. மருந்தாக வேலை செய்வது உலோகம் அல்ல, அதிலிருந்து உருவாக்கப்பட்ட சேர்வை.

சகோதரிகளே, மாதவிடாய் நின்ற பின் குருதி படுதல், இடையிடையே அல்லது உடலுறவின் பின் குருதி படுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல் இருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். 35 வயதை அடைந்தவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டு, சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் இந்நோயைத் தடுக்கும் ஊசி போடப்படுகிறது. உங்கள் மகளுக்கு அதைத் தவறவிடாதீர்கள்.

அந்தத் தாய் வளையம் வாங்கவில்லை. சீட்டுக் காசு பஸ் கட்டணத்துக்கும் மகளின் கொப்பிகளுக்கும் போனது. மூன்றாவது தடவை மருந்து ஏற்றிய அன்று, வாந்தி எடுத்துக் களைத்திருந்த நிலையிலும் சிரித்தபடி சொன்னார்: "போன சங்கிலிக்குப் பதிலா எனக்கு உள்ளுக்குள்ள போட்டிருக்கினம், பிள்ளை. இதை ஒருத்தரும் களவெடுக்கேலாது."