விடுமுறைக்குப் பின் முதல் மணி

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும் முதல் நாள். ஏதாவது ஒரு மூன்றாம் வகுப்பை எட்டிப் பாருங்கள். ஒரு குழந்தை கொட்டாவி விடுகிறது. இன்னொன்று பலகை மேல் தலை சாய்த்துவிட்டது. டிசம்பரில் மளமளவென்று ஒப்பித்த ஏழாம் வாய்ப்பாடு பாதி வழியில் நின்று போகிறது. "சோம்பேறிகளா!" என்று அதட்டல் கிளம்புகிறது.

என் மகன் அந்த வயதில் இருந்தபோது, இப்படியொரு முதல் நாளில் திடீர்த் தேர்வு வைத்து, மதிப்பெண் குறைந்தவர்களை மறுநாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அவனும் நின்றான். "எனக்கு எல்லாம் மறந்து போச்சுப்பா, நான் மக்கா?" என்று அன்று மாலை கேட்டான். விஞ்ஞானம் அவன் பக்கம் சாட்சி சொல்லும்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நமக்கு இது எதற்கு என்று எண்ண வேண்டாம். உங்களுக்குத் தம்பி தங்கைகள் இருக்கலாம். ஆசிரியர் வராத நாளில் சிறு வகுப்பைப் பார்த்துக்கொள்ள உங்களைத்தானே அனுப்புகிறார்கள்?

முதலில் கொட்டாவியைக் கவனிப்போம். 1729ஆம் ஆண்டு டி மெய்ரான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டறையில் வைத்தார். வெயிலே படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின. உயிர்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அதுவே முதல் தடயம். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரன் குழுவினர், வெளி வெளிச்சமோ கைக்கடிகாரமோ இல்லாத தனியறையில் மனிதர்களைத் தங்க வைத்து இதை ஆராய்ந்தார்கள். அக்கடிகாரத்தின் மூலக்கூறு நிலை இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் கடிகாரம் 24 மணியைவிடச் சற்று மெதுவாகவே ஓடுவது. ஆகவே அது பின்னால் தள்ளிப் போவது எளிது. முன்னால் இழுப்பது சிரமம். பத்து நாள் இரவு வெகுநேரம் விழித்திருந்து காலை எட்டு மணிக்கு எழுந்த குழந்தைக்கு, பள்ளி மணி அடிக்கும்போது உள்ளே இன்னும் விடியவில்லை!

இழுத்துப் பிடிக்கும் கயிறு, காலை வெளிச்சம். வகுப்பறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே வெயிலில் பல்லாயிரம் லக்ஸ் இருக்கும். நூறு மடங்கு வித்தியாசம் நம் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. கண்மணி சுருங்கி, விழித்திரையும் தன் உணர்திறனைக் குறைத்துக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஆனால் மூளையிலுள்ள கடிகாரம் அந்த வித்தியாசத்தை உணர்கிறது. எனவே முதல் வாரம் முதல் பாடவேளையின் கால்மணி நேரமாவது மரத்தடியிலோ முற்றத்திலோ நடக்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிசம்பர் 22க்குப் பிறகு பகல் நீள்கிறது. ஆகவே சூரியன் முன்னதாக உதிக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? சென்னையில் டிசம்பர் 22இல் சுமார் 6-26க்கு உதிக்கும் சூரியன், ஜனவரி 20இல் சுமார் 6-35க்குத்தான் உதிக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டரில், வேகமாக ஓடுகிறது. பூமியின் அச்சுச் சாய்வும் சேர்ந்துகொள்ள, ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகலுக்கு 24 மணிக்கு மேல் ஏறக்குறைய அரை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஒரு மாதத்தில் நண்பகல் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் பின்னால் போய்விடுகிறது. நம் அட்சரேகையிலோ அதே காலத்தில் பகல் எட்டு நிமிடந்தான் நீள்கிறது; அதில் காலைக்குக் கிடைக்கும் பங்கு நான்கு. மீதியைக் கழித்துப் பாருங்கள். ஆகப் பள்ளி திறக்கும் வேளையில் சூரியனும் தாமதமாகத்தான் வருகிறது!

அடுத்தது மறதி. ஜெர்மானியரான எபிங்கவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறப்பதை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. ஆனால் மறந்ததாகத் தோன்றியதை மறுபடி படிக்க, முதல் முறையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. வாய்ப்பாடு அழிந்து போகவில்லை, தூசி படிந்திருக்கிறது. தேர்வு வைக்கலாம், நினைவுபடுத்த முயல்வதே நினைவை உறுதியாக்கும். மதிப்பெண் மட்டும் வேண்டாம். ஐந்து கேள்வி, சிலேட்டில் விடை, தவறினால் அங்கேயே திருத்தம். இரண்டு நாள் விட்டு மீண்டும் அதே ஐந்து.

பழைய நடைமுறைகளையும் இப்படியே ஒத்திகை பார்க்க வேண்டும்: செருப்பை எங்கே விடுவது, சத்துணவுக்கு எப்படி வரிசையில் நிற்பது என்பவை. இவை பழக்கமாகிவிட்டால் சிறுவர் மனம் பாடத்துக்கு ஓய்வாகக் கிடைக்கும். பொங்கல் விடுமுறை குறுக்கே வந்து மறுபடி கலைத்துவிடும். அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு முறை செய்ய வேண்டியதுதான்.

தினசரி வேலையாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரக் குச்சியைத் திறந்த வெளியில் செங்குத்தாக நடுங்கள். நாள்தோறும் பகல் 12-15க்கு ஒரு குழந்தை நிழலின் நுனியில் கூழாங்கல் வைக்கட்டும், இன்னொன்று அளக்கட்டும், மூன்றாவது சுவரில் எழுதட்டும். யாரும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. சென்னையில் ஜனவரி 5இல் நிழல் சுமார் 72 சென்டிமீட்டர். மாதக் கடைசியில் 59. "நேற்றைக்கு எவ்வளவு? இன்றைக்கு எவ்வளவு குறைவு?" என்றால் கழித்தல் கணக்கும் வந்துவிட்டது, வெயிலும் பட்டாயிற்று.

ஜனவரி முடிந்ததும் குச்சியைப் பிடுங்கிவிடாதீர்கள். ஏப்ரல் 24ஆம் தேதி வாக்கில் சென்னைக் குழந்தைகள் நண்பகலில் கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் உங்களைத் தேடி வருவார்கள். அன்று குச்சிக்கு நிழல் இராது.