கிழிக்கப்பட்ட முதல் தாள்

பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? விலையைத்தானே! அடியேன் பார்ப்பது அட்டைக்கு அடுத்த வெற்றுத் தாளை.

"இன்னாருக்கு அன்புடன்" என்று ஆசிரியர் தம் கைப்பட எழுதி, கையொப்பமும் தேதியும் இடுவது அந்தத் தாளில்தான். கதாசிரியர்களின் கையெழுத்துக்கு அபிமானிகள் ஏராளம். சரித்திர ஆசிரியர்களின் கையெழுத்தைத் தேடி அலைகிறவர்களோ வெகு சிலர்.

"அதில் என்ன ஐயா விசேஷம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ஆங்கிலத்தில் எழுதிய சோழர் சரித்திரத்தின் முதற் பகுதியைச் சென்னைச் சர்வகலாசாலை 1935-ல் வெளியிட்டது. அடுத்த பகுதி 1937-ல் வந்தது. திருத்திய பதிப்பு 1955-ல் வெளியாயிற்று. புதிதாக ஒரு கல்வெட்டைப் படித்தால் போதும், நேற்றைய முடிவு இன்று மாறிவிடும். சரித்திரம் ஒருவர் தனியே உட்கார்ந்து எழுதுகிற காரியமும் அல்ல. கல்வெட்டைப் படியெடுத்தவர், செப்பேட்டைப் படித்தவர், நாணயத்தை ஆராய்ந்தவர் என்று பலருடைய உழைப்பு அதில் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஆசிரியர் கையொப்பமிட்டுக் கொடுத்த பிரதி என்றால், யார் யாருக்குப் பழக்கம், எந்த வருஷத்தில் என்பதற்கு அதுவே சாட்சி. பெற்றவர் ஓரத்தில் பென்சிலால் ஒரு மறுப்பும் எழுதி வைத்திருந்தால் அதிர்ஷ்டந்தான்! சரித்திரம் எழுதியவரைப் பற்றிய கல்வெட்டு அல்லவா அது?

சேர்க்கப் புறப்படுகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். பேனாவால் எழுதிய கோடு ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். ரப்பர் முத்திரையிலும் அச்சிட்ட கையெழுத்திலும் அந்த ஏற்ற இறக்கம் இராது. பூதக் கண்ணாடி காட்டிக் கொடுத்துவிடும். 1935 என்று தேதியிட்ட கையெழுத்து 'பால்பாயிண்ட்' பேனாவில் இருந்தால், கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். சாஸ்திரியார் மறைந்தது 1975-ல். அதற்குப் பிறகு அச்சான பிரதியில் அவர் கையெழுத்து இருந்தால் வேகமாகவே நகருங்கள்! நூலக முத்திரை இருந்து, 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பு இல்லாத புத்தகத்தைத் தொடவே வேண்டாம்.

பணக்காரர்களுக்கு மட்டுமே உரிய பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதியவர். அவர் சேர்த்த பழைய நூல்களும் பத்திரிகைகளும், 1992-ல் அவர் மறைந்த பிறகு, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாகவே ஆகிவிட்டன.

இனி, என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒரு நாள் பழைய சரித்திர நூல் ஒன்று கிடைத்தது. ஆவலோடு திறந்தேன். முதல் தாளைக் காணோம்! பிளேடால் சுத்தமாக அறுத்திருந்தார்கள். அட்டையின் உட்புறத்தில் மட்டும் எழுத்தின் மை இடவலம் மாறி, மங்கலாகப் பதிந்திருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். "அன்புடன்" என்பது தெரிந்தது. யாருக்கு என்பது தெரியவில்லை.

கடைக்காரர் முன்பே காரணம் சொல்லியிருந்தார்: "வீட்டுக்காரங்களே கிழிச்சுட்டுத்தான் சார் போட்டாங்க. தாத்தாவுக்கு வந்த புஸ்தகத்தை எடைக்குப் போட்டாங்கன்னு யாரும் பேசக் கூடாதாம்!"

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு தாத்தாவின் பெட்டி இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கிப் பாருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையா? நூலகத்துக்குக் கொடுங்கள், விற்றாலும் விற்றுக்கொள்ளுங்கள். அந்த முதல் தாளை மட்டும் கிழித்துவிடாதீர்கள். தாத்தாவை ஒரு பேராசிரியர் மதித்தார் என்பதற்கு உங்களிடம் உள்ள சாசனம் அது ஒன்றுதான்!