பள்ளிகளில் சுனாமிப் பாதுகாப்புக் கல்வி

சுனாமி எனப்படும் ஆழிப்பேரலை எவ்வாறு உருவாகிறது, அதன் வருகையை எப்படி அறிவது, அறிந்தவுடன் என்ன செய்வது ஆகியவற்றை மாணவர்களுக்குக் கற்பிப்பதே சுனாமிப் பாதுகாப்புக் கல்வியாகும். அலையைத் தடுத்து நிறுத்த மனிதரால் இயலாது. ஆனால் அது கரையை அடையும் முன் விலகிவிட்டால் உயிரிழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம். அடையாளத்தைக் கண்டவுடன், பிறர் சொல்லட்டும் என்று காத்திராமல் மேட்டுநிலத்தை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதே இக்கல்வியின் மையக் கருத்து.

பெயர்

'சுனாமி' ஜப்பானியச் சொல். 'சு' என்றால் துறைமுகம். 'நாமி' என்றால் அலை. ஆழ்கடலில் படகில் இருப்போர் உணராத அலை, துறைமுகத்தை நெருங்கும்போதுதான் பேருருவம் கொள்கிறது. தமிழில் 'ஆழிப்பேரலை' என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. பழந்தமிழ் மரபில் கடல் நிலத்தை விழுங்குவது 'கடல்கோள்' எனப்பட்டது. எனினும் எல்லாக் கடல்கோள்களும் சுனாமியால் நேர்ந்தவை என்று கொள்ள இயலாது.

உருவாகும் விதம்

பெரும்பாலான சுனாமிகள் கடலடி நிலநடுக்கத்தால் உண்டாகின்றன. புவித்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ்ச் செருகும் இடங்களில் நீண்டகாலமாக அழுத்தம் சேர்கிறது. அது திடீரென விடுபடும்போது கடல்தரை மேலெழும்புகிறது அல்லது கீழிறங்குகிறது. அதன் மேலுள்ள நீர் முழுவதும் இடம்பெயர்ந்து அலையாகப் பரவுகிறது. எரிமலை வெடிப்பும் கடலடி நிலச்சரிவும்கூடக் காரணமாகலாம். 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனாக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பகுதி கடலில் சரிந்தபோது, பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாமலேயே சுனாமி தாக்கியது.

கடலடி நிலநடுக்கம் எல்லாமே சுனாமியைத் தருவதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்போது பாறைகள் முக்கியமாகப் பக்கவாட்டிலேயே நகர்ந்ததால் பேரலை எழவில்லை.

சாதாரணக் கடல் அலைகள் சில நொடிகளுக்கு ஒன்றாகக் கரைக்கு வரும். சுனாமியில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கலாம். அது ஒரு முறை உடைந்து திரும்பும் அலை அன்று. நெடுநேரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும் வெள்ளம்.

அதன் வேகத்தை மாணவர்களே கணக்கிடலாம். கடலின் ஆழத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் (9.8) பெருக்கி வர்க்கமூலம் கண்டால், நொடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும்.

- 4,000 மீட்டர் ஆழத்தில்: நொடிக்குச் சுமார் 198 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 710 கி.மீ.
- 50 மீட்டர் ஆழத்தில்: மணிக்குச் சுமார் 80 கி.மீ.
- 10 மீட்டர் ஆழத்தில்: மணிக்குச் சுமார் 36 கி.மீ.

கரையருகே வேகம் குறையும்போது அலையின் உயரம் கூடுகிறது. குறைந்த வேகமான 36 கி.மீ.யிலும் அதை எந்தச் சிறுவராலும் ஓடி வெல்ல முடியாது. அலையைக் கண்ணால் கண்டபின் ஓடலாம் என்று காத்திருப்பது ஏன் ஆபத்து என்பதை இந்தக் கணக்கே விளக்கிவிடும்.

2004: வீணான இரண்டு மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு வடசுமாத்திரா அருகே 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த அலைகள் 14 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. இலங்கையில் 30,000-க்கும் அதிகமானோர் இறந்தனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி.

நிலநடுக்கத்துக்கும் தமிழகக் கரையை அலை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. கடற்கரைக் குப்பத்திலிருந்து பாதுகாப்பான தொலைவுக்கு நடந்தே போக அந்த நேரம் போதும். ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது எச்சரிக்கை அமைப்பு இல்லை. கடலின் மாற்றத்தைப் புரிந்துகொள்ளும் அறிவும் மக்களிடம் பரவியிருக்கவில்லை. முதல் அலைக்குப் பின் நீர் வெகுதூரம் உள்வாங்கியபோது, அதை வேடிக்கை பார்க்கப் பலர் கரைக்குச் சென்றனர்.

அதே நாளில், அறிவு உயிரைக் காத்த இடங்களும் உண்டு. தாய்லாந்தின் புக்கெட் தீவில் பெற்றோருடன் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த டில்லி சுமித் என்னும் பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல்நீர் நுரைத்துக்கொண்டு, வழக்கம்போலத் திரும்பிப் போகாமல் மேலேறிக்கொண்டே வருவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த பாடம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவள் விடாமல் எச்சரித்ததால் அக்கடற்கரையில் இருந்தோர் வெளியேறி உயிர் தப்பினர்.

சுமாத்திராவை அடுத்த சிமெலுவே தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் உள்ளது. சில நிமிடங்களிலேயே அலை அங்கு வந்தது. 1907-இல் நேர்ந்த பேரலையின் நினைவை 'சுமோங்' என்ற பெயரில் கதையாகவும் தாலாட்டாகவும் அத்தீவினர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். நிலம் வலுவாக அதிர்ந்ததும் எல்லோரும் குன்றுகளில் ஏறினர். சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே.

இயற்கை தரும் எச்சரிக்கைகள்

மாணவர்கள் மனத்தில் பதிய வேண்டிய அடையாளங்கள் மூன்று.

- உணர்தல்: கடலோரத்தில் நிற்க முடியாத அளவு வலுவான அதிர்வு, அல்லது நெடுநேரம் நீடிக்கும் அதிர்வு.
- காணுதல்: கடல் திடீரென உள்வாங்குதல், அல்லது வழக்கத்துக்கு மாறாக உயர்ந்துகொண்டே வருதல்.
- கேட்டல்: கடலிலிருந்து தொடர்ந்து எழும் பேரிரைச்சல்.

இவற்றில் ஒன்றே போதும். மூன்றும் நிகழக் காத்திருக்கக் கூடாது. குறிப்பாக, 'சுனாமி வருமுன் கடல் கட்டாயம் உள்வாங்கும்' என்று கற்பிப்பது தவறு. 2004-இல் தாய்லாந்துக் கரைகளில் பொதுவாகக் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இந்திய, இலங்கைக் கரைகளில் பல இடங்களில் முதலில் நீர் உயர்ந்தே வந்தது.

ஊருக்கு ஏற்றவாறும் பாடம் மாற வேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அலை சில நிமிடங்களில் வந்துவிடக் கூடும். அங்கே வலுவான நில அதிர்வே எச்சரிக்கை. தமிழ்நாட்டுக் கரை நிலநடுக்கப் பகுதியிலிருந்து தொலைவில் இருப்பதால் அதிர்வு மெலிதாகவே தெரியலாம்; தெரியாமலும் போகலாம். இங்கே அரசின் அறிவிப்பும் கடலின் போக்குமே முதல் அடையாளங்கள்.

இரு பள்ளிகள், இரு முடிவுகள்

2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கடலில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அன்று இரு ஊர்ப் பள்ளிகளில் நடந்தவை இன்று உலகெங்கும் பாடமாகச் சொல்லப்படுகின்றன.

கமைசி நகரத்தில் பேராசிரியர் கத்தாதா தொசித்தாக்கா பல ஆண்டுகளாகப் பள்ளிகளுக்குப் பயிற்சி அளித்து வந்தார். முன்கூட்டிய கணிப்பை முழுதாக நம்பாதே. அந்த நேரத்தில் இயன்ற அளவு சிறந்ததைச் செய். முதலில் கிளம்புபவனாக நீயே இரு என்ற மூன்று விதிகளை அவர் கற்பித்தார். அங்குள்ள உனோசுமாய் பகுதியில் கீழ்நிலைப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் அருகருகே இருந்தன. வரைபடத்தின்படி அவை ஆபத்து எல்லைக்கு வெளியே இருந்தன. ஆயினும் அதிர்வு நின்றதும் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓடத் தொடங்கினர். மேல்மாடிக்கு அனுப்பப்பட்டிருந்த கீழ்நிலைப் பள்ளிக் குழந்தைகளும் அதைப் பார்த்து இறங்கி அவர்களுடன் சேர்ந்தனர். முதலில் ஒதுங்கிய இடத்தின் பின்புறச் சரிவு இடிந்திருப்பதைக் கண்டு, இன்னும் உயரமான இடத்துக்குச் சென்றனர். சற்று நேரத்தில் இரு பள்ளிகளும் நீரில் மூழ்கின. அன்று பள்ளியில் இருந்து ஒன்றாக வெளியேறிய மாணவர்கள் அனைவரும் பிழைத்தனர்.

இசினோமாக்கி நகரின் ஓகவா தொடக்கப்பள்ளி, கித்தாக்காமி ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. உள்ளே இருந்தது. பள்ளியின் பின்புறமே குன்று. அதிர்வுக்குப் பின் மாணவர்கள் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துவரப்பட்டனர். எங்கே போவது என்று முடிவாகாமல் ஐம்பது நிமிடம் வரை கழிந்தது. அலை ஆற்றின் வழியே ஏறி வந்தது. 108 மாணவர்களில் 74 பேரும், அங்கிருந்த 11 ஆசிரியர்களில் 10 பேரும் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பள்ளியின் பேரிடர்க் கையேட்டில் ஒதுங்கும் இடமாக 'காலி மனை, பூங்கா' என்று பொதுவாக எழுதப்பட்டிருந்ததே தவிர, இன்ன இடம் என்று குறிக்கப்படவில்லை. பெற்றோர் தொடுத்த வழக்கில் பள்ளி நிருவாகத்தின் முன்னேற்பாடு போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அது உறுதியானது.

ஓகவாவில் குறைவாக இருந்தது அன்பும் பொறுப்பும் அல்ல. எங்கே போவது, யார் முடிவெடுப்பது என்பவை முன்பே முடிவாகியிருக்கவில்லை. அலை வரும் நேரத்தில் கூடி ஆலோசிக்க அவகாசம் இருப்பதில்லை.

வகுப்பறையில் கற்பித்தல்

தொடக்க வகுப்புகள்: அச்சமூட்டும் காட்சிகளைத் தவிர்த்து, கதை, ஓவியம், நடிப்பு வழியே 'அதிர்ந்தால், கடல் மாறினால், மேட்டுக்கு ஓடு' என்ற ஒரே விதியைப் பதியவைக்கலாம்.

நடுநிலை வகுப்புகள்: நீண்ட தட்டில் நீர் ஊற்றி, ஒரு முனையில் மணலைச் சரிவாக்கிக் கரை அமைக்க வேண்டும். மறுமுனையில் நீருக்கடியில் வைத்த பலகையைச் சட்டென உயர்த்தினால் அலை மணல் மீது ஏறுவதைக் காணலாம். அடுத்து, தம் ஊரின் வரைபடத்தில் பள்ளி, வீடு, கடற்கரை, முகத்துவாரம், வாய்க்கால், மேடு, உறுதியான மாடிக் கட்டடம் ஆகியவற்றை மாணவர்களே குறிக்க வேண்டும். பிறகு அந்த வழியில் நடந்து பார்த்து நேரத்தை அளக்க வேண்டும். வகுப்பில் மிக மெதுவாக நடக்கும் மாணவர் எடுக்கும் நேரமே அந்த வகுப்பின் நேரம்.

உயர்நிலை வகுப்புகள்: வேகக் கணக்கு, தட்டுகளின் இயக்கம், எச்சரிக்கை அமைப்பு செயற்படும் முறை ஆகியவற்றுடன், வதந்தியையும் அரசு அறிவிப்பையும் பிரித்தறியவும் பயிற்சி தர வேண்டும்.

ஒத்திகை ஆண்டுக்கு ஒரு முறை மணி அடித்துத் திடலில் கூடுவதோடு முடிந்துவிடக் கூடாது. உணவு இடைவேளையிலும், பள்ளி விடும் நேரத்திலும், தலைமையாசிரியர் இல்லாத நாளிலும் நடத்திப் பார்க்க வேண்டும். நடக்க இயலாத மாணவருக்கு யார் துணை என்பது பெயர் குறித்து முடிவாக வேண்டும். வழக்கமான பாதை அடைபட்டிருந்தால் மாற்றுப் பாதை எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோரையும் இதில் சேர்ப்பது இன்றியமையாதது. பிள்ளையைத் தேடிக் கரையோரப் பள்ளிக்கு ஓடிவரும் பெற்றோரும், தாயைத் தேடி வீட்டுக்கு ஓடும் பிள்ளையும் அலையில் சிக்குகின்றனர். ஜப்பானின் சன்ரிகு கரையில் 'தெந்தென்கோ' என்றொரு மரபு உண்டு. அவரவர் தனித்தனியே உடனே மேடு சேர வேண்டும் என்பது அதன் பொருள். இது தன்னலம் அன்று. மற்றவரும் தப்பிச் சென்றிருப்பார் என்ற நம்பிக்கை குடும்பத்துக்குள் முன்பே இருந்தால்தான் இது கைகூடும். எங்கே சந்திப்பது என்பதை வீட்டில் பேசி முடிவு செய்வதை மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகவே தரலாம்.

எச்சரிக்கை அமைப்பு

2007 அக்டோபரில் ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. நில அதிர்வு நிலையங்கள், ஆழ்கடல் அழுத்த உணரிகள், கரையோர அலைமானிகள் ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு இம்மையம் அறிக்கைகளை வெளியிடுகிறது. மிக உயர்ந்த நிலையான சிவப்பு எச்சரிக்கை வந்தால் கரையோர மக்கள் வெளியேற வேண்டும். அடுத்த நிலையில் கடற்கரையையும் தாழ்வான கரையோரப் பகுதிகளையும் தவிர்க்க வேண்டும்.

2012-இல் தமிழகக் கரையிலும் மக்கள் வெளியேற்றப்பட்டனர், பேரலை வரவில்லை. அதை ஏமாற்றமாகக் கருதாமல், நல்ல ஒத்திகை நடந்ததாகவே மாணவர்களுக்கு விளக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

- அதிர்வின்போது தலையைக் காத்துக்கொண்டு, அது நின்றதும் உடனே கிளம்புக.
- கடலிலிருந்து விலகி உள்நாட்டுக்கோ மேட்டுநிலத்துக்கோ செல்க. நேரம் இல்லையெனில் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கோ அதற்கு மேலோ ஏறுக.
- வாய்க்கால், ஆறு, முகத்துவாரம் ஆகியவற்றின் கரைகளைத் தவிர்க்க.
- முடிந்தவரை நடந்தே செல்க. வாகனங்களால் பாதை அடைபடும்.
- ஆழ்கடலில் உள்ள படகுகள் அனுமதி கிடைக்கும்வரை கரை திரும்பாமல் ஆழ்கடலிலேயே இருக்க வேண்டும்.
- மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநில உதவிக்கு 1070 ஆகிய எண்களை அறிந்துவைத்திருக்க.

செய்யக் கூடாதவை

- கடலை வேடிக்கை பார்க்கவோ படமெடுக்கவோ செல்லக் கூடாது.
- புத்தகப்பை, நகை, வலை, ஆடுமாடு என எதற்காகவும் திரும்பக் கூடாது.
- முதல் அலை வடிந்ததும் இறங்கி வரக் கூடாது. 1960-இல் ஹவாயின் ஹிலோ நகரில் முதலில் வந்த அலைகள் சிறியவை. பின்னர் வந்த பெரிய அலையில் 61 பேர் இறந்தனர். ஆபத்து நீங்கியதாக அதிகாரிகள் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

உலக சுனாமி விழிப்புணர்வு நாள்

1854-இல், ஜப்பானின் பழைய நாட்காட்டிப்படி பதினோராம் மாதம் 5-ஆம் நாள், இன்றைய வக்கயாமா மாநிலக் கரையைச் சுனாமி தாக்கியது. அப்போது ஹமகுச்சி கொர்யோ என்பவர் அறுவடை செய்து வைத்திருந்த நெற்போர்களுக்குத் தீயிட்டு, இருளில் தவித்த மக்களுக்குக் குன்றின் வழியைக் காட்டினார். இந்நிகழ்வு பின்னர் ஜப்பானியப் பள்ளிப் பாடநூலில் கதையாக இடம்பெற்றது. அதன் நினைவாக நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் அறிவித்தது.

தமிழகக் கடலோரத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று மலர் தூவி அஞ்சலி செலுத்தப்படுகிறது. இன்று பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அந்த நாளுக்குப் பின் பிறந்தவர்கள், அலையைக் கண்டிராதவர்கள். பெரியவர்களின் நினைவு பிள்ளைகளுக்குப் பயிற்சியாக மாறும் இடம் பள்ளிதான். இவ்விரு நாட்களிலும் பள்ளியிலிருந்து மேடான இடம் வரை மாணவர்கள் ஒரு முறை நடந்து பார்ப்பது, மாண்டவர்களுக்குச் செலுத்தும் பயனுள்ள அஞ்சலியாகவும் அமையும்.