சென்னையிலிருந்து சனியின் வளையத்தை ஊடுருவிப் பார்த்தவர்

நம் மல்லசமுத்திரத்தில் சனிப்பெயர்ச்சி தெரியாதவர் கிடையாது. ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு என்று பஞ்சாங்கம் சொல்வது அசல் வானக் கணக்கு. சூரியனிலிருந்து சராசரியாக 143 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சனி, ஒரு சுற்று வர ஏறத்தாழ 29½ ஆண்டு எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரைக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் அந்தச் சனியின் வளையத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மிடையே குறைவு. அந்த வளையம் எதனால் ஆனது என்ற கேள்விக்குச் சென்னையிலிருந்தும் ஒரு சாட்சியம் போனது என்பதை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் 1792-ல் எழுந்தது. தமிழ் எழுத்தும் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1848-ல் அங்கே பொறுப்பேற்றவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். அப்போது வானியலாளர்களிடையே பரபரப்பாகப் பேசப்பட்டது ஒரு புதிய வளையம். பிரகாசமான வளையங்களுக்கு உள்ளே, கோளுக்கு அருகில் மங்கலாக ஒன்று இருப்பதை 1850-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் கண்டிருந்தார்கள்.

1852-ல் ஜேக்கப் தொலைநோக்கியைச் சனியின் பக்கம் திருப்பினார். அந்த ஆண்டு சனி சென்னைக்கு ஏறக்குறைய உச்சி வழியாகவே கடந்தது. கோள் தலைக்கு மேல் நிற்கும்போது அதன் ஒளி குறைவான காற்றையே கடந்து வருவதால் உருவம் அவ்வளவாக நடுங்காது; இங்கிலாந்துக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது. திருச்செங்கோட்டுப் பக்கத் தறியில் நெய்த மெல்லிய துணிக்குப் பின்னால் விளக்கு தெரிவதுபோல, மங்கல் வளையத்தின் ஊடே கோளின் விளிம்பு தெரிவதை அவர் பார்த்தார். அதே ஆண்டு மால்டா தீவிலிருந்து வானியலாளர் லாசெல்லும் தனியாக இதைக் கண்டார்.

வெறும் வேடிக்கைக் காட்சியல்ல அது. கெட்டியான பாறைத் தகடாக இருந்தால் பின்னால் இருப்பது தெரியாது. அடர்ந்த வாயுவாக இருந்தால் ஒளி வளைந்து விளிம்பின் வடிவம் கோணியிருக்கும். அப்படியானால் இடைவெளி விட்டுச் சிதறிக் கிடக்கும் துண்டுகளாகத்தான் இருக்க வேண்டும். எண்ணற்ற தனித்துண்டுகள் சுற்றினால்தான் வளையம் நிலைக்கும் என்று 1859-ல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டினார். உட்பகுதி வேகமாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் ஓடுவதை 1895-ல் வானியலாளர் கீலர் நிறமாலையில் அளந்தபின் விவாதம் முடிந்தது. துண்டுகள் பெரும்பாலும் நீர்ப்பனிக்கட்டி. முக்கிய வளையங்கள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 2.7 லட்சம் கிலோமீட்டர். தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான்!

நடுவிலிருக்கும் கோளுக்குக் கால் ஊன்றத் தரையே கிடையாது. ஹைட்ரஜனும் ஹீலியமும் திரண்ட உருண்டை. பூமியைப்போல் 95 மடங்கு எடை இருந்தும் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. பத்தரை மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றிவிடும் வேகத்தில் நடுப்பகுதி பிதுங்கி, துருவங்கள் தட்டையாகிவிட்டன.

தமிழ்நாட்டின் வளையத் தொடர்பு ஜேக்கப்போடு நிற்கவில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டபோது, ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்திலும் அந்த நிகழ்வைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

ஜேக்கப் பார்த்த மங்கல் வளையம் சிறிய கருவிக்குச் சிக்காது. பிரகாசமான வளையங்களுக்கு 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியும் முப்பது மடங்கு உருப்பெருக்கமும் போதும். 2025 மார்ச்சில் விளிம்பு நம் பக்கம் திரும்பியதால் கோடாக மெலிந்துபோன வளையம், 2032 வாக்கில் முழுதாக விரிந்திருக்கும். நம் ஊர்ப் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்க இப்போதே ஏற்பாடு செய்யலாம்.